புட்டியில் இருக்கும் ஆண்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக மாட்ரிட் வந்து எட்டு மாதம் ஆகிறது. உங்கள் கலீசியா (வடமேற்கு ஸ்பெயின்) பயணக் குறிப்புகளைப் படித்த பிறகுதான் வெள்ளை ஒயின் பக்கம் போனேன். போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரே தயாரிப்பாளரின் ருவேடா வெர்தெஹோ (ருவேடா வட்டாரத்தின் பெயர், வெர்தெஹோ திராட்சையின் பெயர்) இரண்டு அறுவடை ஆண்டுகளில் இருந்தது. 2024 ஆறு யூரோ, 2021 நான்கு யூரோ. பழசானால் விலை கூடும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? லாபம் என்று பழையதை வாங்கினேன். சப்பென்று இருந்தது. கோளாறு என் நாக்கிலா, ஒயினிலா? பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குள் எந்த ஆண்டைத் தேட வேண்டும்?

கே., மாட்ரிட்

*

அன்புள்ள கே.,

உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. புளி பழசானால் குழம்புக்கு நல்லது. இளநீரை யாரும் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைப்பதில்லை. ஆறு யூரோ வெர்தெஹோ இளநீர் வகை. அந்த 2021 யாரும் பக்குவம் பார்த்து எடுத்து வைத்ததல்ல, விற்காமல் நின்றது. அதனால்தான் இரண்டு யூரோ குறைவு.

வெர்தெஹோவின் சாறு காற்றுப் பட்டால் வெட்டி வைத்த ஆப்பிளைப் போலக் கறுக்கும். அந்தக் காலத்தில் ருவேடாக்காரர்கள் இந்தக் குணத்தோடு போராடவில்லை. காற்றுப்பட விட்டே, ஷெர்ரி போன்ற கனத்த ஒயினாகச் செய்தார்கள். 1970களில் ரியோஹா என்ற ஒயின் வட்டாரத்திலிருந்து மார்க்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் அங்கே வந்த பிறகுதான், குளிர்ந்த எஃகுத் தொட்டிகளில் செய்யும் இன்றைய புத்துணர்ச்சியான ஒயின் வேரூன்றியது. இப்போது பெரும்பாலும் இரவில், இயந்திரம் வைத்துத்தான் அறுவடை. இத்தனை பாடும் அந்த மணத்துக்காகத்தான்: வெட்டிய புல், சோம்பு, கடைசியில் லேசான கசப்பு. புட்டியில் முதலில் போவதும் அதுதான். கடை விளக்கு வெளிச்சத்தில் நின்றிருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆகவே மலிவான வெர்தெஹோவில் கடைசி அறுவடையை வாங்குங்கள், மிஞ்சிப் போனால் அதற்கு முந்தையது.

ஆனால் எல்லா வெள்ளை ஒயினையும் இப்படி நினைத்துவிடாதீர்கள். ரியாஸ் பைஷாஸ் வட்டாரத்தின் அல்பரீன்யோ திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் மழை கொட்டும் கலீசியாக் கரை, கருங்கல் மண். ஈரம் தங்காமல் காற்றோடட்டும் என்று கொடியைக் கல் தூண்களின் மேல் பந்தலாக ஏற்றியிருப்பார்கள். ஆள் நிமிர்ந்து அடியில் நடக்கலாம். அந்தத் திராட்சைக்குத் தோல் தடிமன், புளிப்பு அதிகம். அந்தப் புளிப்புதான் ஒயினைத் தாங்கி நிற்கிறது.

கம்பாதோஸ் ஊரில் ஒரு நண்பர் வீட்டில் ஒரே தயாரிப்பாளரின் 2022, 2020, 2018 மூன்றையும் வரிசையாக வைத்துக் குடித்தோம். எதுவும் பதினைந்து யூரோவைத் தாண்டியதில்லை. 2022இல் பழுத்த பீச் பழ மணம், நாக்கில் உருண்டு திரண்ட சுவை. 2020 எலுமிச்சைத் தோலும் உப்புமாகக் கூர்மையாக இருந்தது. 2018ஐ ஊற்றியதும் பழ மணம் பின்னால் போய், தேன்மெழுகு வாசம் எழுந்தது. புளிப்பு மட்டும் அசையவில்லை. மூன்றில் நான் மறுபடி ஊற்றிக்கொண்டது அதைத்தான்.

2022 அப்படி உருண்டதற்குக் காரணம் உண்டு. ஸ்பெயினில் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான கோடை அந்த ஆண்டுடையது. வெயில் ஏறினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் எரிந்து குறையும். கடையில் நிற்கும்போதே இதை ஓரளவு ஊகிக்கலாம்: ஒரே ஒயினின் இரண்டு ஆண்டுகளில் ஒன்று 12.5 சதவீத ஆல்கஹால், மற்றது 13.5 என்றிருந்தால், பின்னது பெரும்பாலும் வெயில் கூடிய ஆண்டு, அல்லது தாமதமாகப் பறித்தது. மீனோடு குடிக்க எனக்கு முன்னதுதான் பிடிக்கும்.

கலீசியாவிலேயே உள்ள வல்தேஓர்ராஸ் வட்டாரத்தின் கொதேயோ திராட்சை ஒயினும் மூன்று நான்கு ஆண்டு தாங்கும். லேபிளில் 'சோப்ரே லியாஸ்', அதாவது ஈஸ்ட் வண்டலோடு ஊற வைத்தது என்று இருந்தால் இன்னும் நல்லது. ரியோஹாவின் வியூரா திராட்சை ஒயினில் பீப்பாயில் கிடந்ததைத் தேடுங்கள். அங்கே ஐந்து வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹெரெஸ் ஊரின் ஷெர்ரி வகையான ஃபினோவில் ஆண்டைத் தேடாதீர்கள், பொதுவாக இருக்காது. பழையதோடு புதியதைக் கலந்துகொண்டே போகும் சொலேரா முறையில் அதற்கு ஒற்றை ஆண்டு என்று எதைச் சொல்வது? அதைப் புட்டியில் அடைத்த தேதி பார்த்து, சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே அல்பரீன்யோவில் இரண்டு ஆண்டுகள் வாங்குங்கள். பத்து யூரோவை ஒட்டிக் கிடைக்கும். எது எதுவென்று தெரியாதபடி வேறொருவரைத் தாள் சுற்றச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்று குடித்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் வெறுமனே, அப்புறம் டின்னில் வரும் சிப்பியோடு குடியுங்கள். எந்தப் புட்டி முதலில் காலியானது, அது எந்த ஆண்டு என்று எனக்கு எழுதுங்கள்.