சிவக்காத கண்தான் எனக்குக் கவலை

முதலில் கண். நீங்கள் கேட்டிருக்கும் கை வறட்சியும் முடி கொட்டுவதும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதியிருக்கும் அம்மா, வீட்டில் சோப்பு செய்து தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கும் கொடுப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசித் தாளின் அடியில் நுணுக்கி நுணுக்கி இதை எழுதியிருக்கிறீர்கள்: “மூன்று நாளைக்கு முன்னால் காஸ்டிக் தண்ணீர் ஒரு சொட்டு வலது கண்ணில் தெறித்தது. உடனே கழுவிவிட்டேன். சிவப்புகூட இல்லை. கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, வயசானதால் இருக்கும். மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் சோப்பு வேலையே வேண்டாம் என்பாள்.”

கடிதமே இந்த நாலு வரிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் அன்றே தனியாகச் செய்தி அனுப்பினேன்: “இன்றைக்கே ஜி.எச். (பெரிய அரசு ஆஸ்பத்திரி) அவசரப் பிரிவுக்குப் போங்கள்.” போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல வீட்டில் சோப்பு செய்கிறவர்கள் இப்போது ஒவ்வொரு தாமான் குடியிருப்பிலும் இருக்கிறார்கள்.

காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக்குகிறது. அதைத்தான் நீங்கள் பாத்திரத்தில் பார்க்கிறீர்கள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் இருக்கும் சவ்விலும் கொழுப்புதான் இருக்கிறது. கண்ணில் பட்டால் அந்தக் கொழுப்பையும் அது சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அமிலம் பட்டால் மேலே இருக்கும் புரதம் உறைந்து ஒரு தடுப்பு மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் சேதம் அதோடு நிற்கும். காஸ்டிக் சோடா மாதிரியான காரத்துக்கு (அமிலத்துக்கு நேரெதிரான பொருள்) அப்படி ஒரு தடை கிடையாது. சில நிமிடத்தில் கருவிழியைக் கடந்து கண்ணுக்குள் இருக்கும் நீர் வரைக்கும் போய்விடும். கருவிழி வெளுத்துப் போவது, கண் அழுத்தம் ஏறுவது, பிற்பாடு புரை விழுவது, இமை கண்ணோடு ஒட்டிக்கொள்வது எல்லாம் அதன் பின்விளைவுகள்.

இனி அந்தச் ‘சிவப்புகூட இல்லை’. நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கும் அந்த வரிதான் என்னைப் பதற வைத்தது. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பைச் சுற்றி நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கருவிழியின் மேற்பரப்பு தேயத் தேயப் புதிதாக வளர்த்துக் கொடுக்கும் மூல உயிரணுக்கள் குடியிருப்பதும் அந்த விளிம்பில்தான். காரம் அந்தக் குழாய்களைச் சுட்டு அடைத்துவிட்டால் அங்கே ரத்தம் வராது. ரத்தம் வராத இடம் சிவக்காது, வெளுத்துக் கிடக்கும். பார்க்கிறவர்கள் “கண் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வலி குறைவதையும் அப்படியே நம்பக் கூடாது. நரம்பு நுனி கருகினாலும் வலி குறையும். காரம் பட்ட கண்ணில் செக்கச் செவேலென்ற சிவப்பைவிட, கருவிழி ஓரத்தில் தெரியும் வெளுப்புக்குத்தான் டாக்டர்களாகிய நாங்கள் அதிகம் பயப்படுகிறோம்.

உங்களுக்கு அதுதான் ஆகியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துக் கண்ணைச் சோதிக்க முடியாது. லேசான காயமாக இருந்து, முறையான மருந்தில் சில நாளில் ஆறிவிடவும் கூடும். ஆனால் காரம் தெறித்த கண்ணில் மங்கல் இருந்தால் அது வயசா, வெயிலா, தூக்கமின்மையா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிப்பதற்கு இடமே இல்லை. வயசு ஒரு கண்ணை மட்டும், அதுவும் தெறித்த அன்றைக்கே மங்கலாக்காது. அன்றே கண் டாக்டர் பார்க்க வேண்டும். வலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பினாங்கு ஜி.எச்.சில் கண் பிரிவு இருக்கிறது. கவுண்டரில் “கண் மங்கல்” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “சோடா கௌஸ்திக் மாசோக் மாத்தா”, அதாவது காஸ்டிக் சோடா கண்ணில் பட்டுவிட்டது என்று மலாயில் தெளிவாகச் சொல்லுங்கள். கண்ணின் காரத்தன்மையை ஒரு சிறு தாளால் பார்ப்பார்கள். மேல் இமையைப் புரட்டி, கரையாத துணுக்கு ஏதாவது உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார்கள். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் எவ்வளவு உரிந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அழுத்தத்தையும் அளப்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட வீட்டில் செய்ய முடியாது, பார்மசியிலும் செய்ய முடியாது.

சொட்டு மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த மருந்து மிச்சமிருந்தது, அதைத் தினமும் மூன்று வேளை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். காரப் புண்ணுக்கு முதல் சில நாளில் கண் டாக்டரே ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு; ஆனால் அவர் கண்ணைப் பார்த்து, அழுத்தம் அளந்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்து கொடுக்கிறார். மேல்தோல் மூடாத கருவிழியில் அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருந்தால் கருவிழி மெலிந்து ஓட்டையாகிவிடக்கூடும், கிருமி ஏறும், சிலருக்கு அழுத்தம் சத்தமில்லாமல் கூடும். போதாக்குறைக்கு, திறந்து ஒரு மாதத்துக்கு மேலான சொட்டு மருந்துப் புட்டி குப்பைக்குப் போக வேண்டியது. உடனே நிறுத்துங்கள். புட்டியைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

‘உடனே கழுவிவிட்டேன்’ என்பதற்கும் வருகிறேன். முகத்தில் நாலு தடவை தண்ணீர் அடித்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் வந்த யோசனைப்படி வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தேன் என்கிறீர்கள். காரத்தை அமிலம் முறிக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். கண் அந்தப் பரிசோதனை செய்யும் இடமில்லை. முறியும்போது சூடு கிளம்பும், வினிகரே ஒரு தனிப் புண்ணை உண்டாக்கும், அதைத் தேடி எடுத்துக் கலக்கிய நேரத்தில் காரம் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். வேண்டியது வெறும் குழாய்த் தண்ணீர், அதுவும் நிறைய. பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, இன்னொருவர் இமை இரண்டையும் விரலால் விரித்துப் பிடிக்க, அரைமணி நேரம் விடாமல் ஓட விட வேண்டும். கண் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும், விடக் கூடாது. லென்ஸ் போட்டிருந்தால் கழுவக் கழுவவே எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் கார் சாவியைத் தேட வேண்டும். முதல் சில நிமிடம் வீட்டுக் குழாயடியில் செய்யும் இந்த ஒரு வேலைக்கு ஈடாக, பின்னால் ஆஸ்பத்திரியில் நாங்கள் எதைச் செய்தாலும் போதாது.

தெறித்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பாக்கெட்டில் கட்டி தட்டிக் கிடந்த காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். அதன் மேல் தண்ணீர் பட்டதும் அந்த இடம் மட்டும் கொதித்து முகத்துக்கு நேரே சீறும். எப்போதும் குளிர்ந்த தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் போதும்; அலுமினியத்தில் ஊற்றினால் அது பாத்திரத்தையே அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணுக்கு, பக்கவாட்டும் மூடிய ரசாயனக் கண்ணாடி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது.

மிச்சமான காஸ்டிக் தண்ணீரை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி சிங்க்குக்குக் கீழே வைத்திருப்பதாக, ஏதோ சிக்கனம் மாதிரி ஒரு வரி வருகிறது. அடுத்த பக்கத்திலேயே மூன்று வயசுப் பேரன் வீட்டில் வளர்கிறான் என்றும் இருக்கிறது. அம்மா, இதைப் படித்தவுடன் எழுந்து போய் அந்தப் போத்தலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு மடக்கு போதும், குழந்தையின் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கி, பல வருஷம் குழாயை விரித்து விரித்துச் சாப்பிட வைக்க வேண்டிவரும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன பாதையிலேயே திரும்பி வந்து மறுபடி சுடும். உடனே 999-க்குப் போன் போடுங்கள். அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை வெடிப்பு காரம் பட்டதால் வந்தது. நைட்ரில் கையுறை போட்டு, ராத்திரி வாசலின் தடவினால் குறையும். கை ‘வழவழவென்று’ இருக்கிறது என்கிறீர்களே, அது சோடா உங்கள் தோலின் கொழுப்பைச் சோப்பாக்குவதால் வரும் வழவழப்பு. அது போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். முடி கொட்டுவதற்கும் சோப்பு செய்வதற்கும் சம்பந்தமில்லை. ரத்தச் சோகையும் தைராய்டும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பில் இருக்கும் காஸ்டிக் சோடா ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்கும் என்ற அந்த ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். கடையில் வாங்குகிற கட்டிச் சோப்பும் பெரும்பாலும் இதே காரத்தில் செய்ததுதான். சரியாக அளந்து செய்த சோப்பில் காரம் மிச்சமிருக்காது.

சரியாக அளந்தால். அங்கேதான் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விலை ஏறியதால் பாக்கெட் எண்ணெய்க்கு மாறினேன், அளவெல்லாம் பழையதுதான், இந்தத் தடவை வாங்கிய இரண்டு பேர் எரிச்சல் என்கிறார்கள், வேப்பிலை ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேப்பிலை பாவம். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நீங்கள் மாறிய பாக்கெட் எண்ணெய் பாமாயில்; அதற்கு 140 கிராம் அளவில் போதும். தேங்காய் எண்ணெய்க் கணக்கில், காரம் மிஞ்சாமலிருக்க 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போட்டிருந்தாலும், பாமாயிலில் 30 கிராமுக்கு மேல் சோடா செலவாகாமல் அந்தக் கட்டிகளுக்குள்ளேயே நிற்கிறது. நாலு வாரம், ஆறு வாரம் காயவைப்பது ஈரம் வற்றுவதற்கு. இவ்வளவு காரம் அதில் போய்விடாது. அந்த வரிசையில் செய்த எல்லாக் கட்டியையும் திரும்ப வாங்கிவிடுங்கள். வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டுச் சொல்லுங்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில். உருக்கி எண்ணெய் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அடுத்தவர் தோலில் படப்போகும் பொருளுக்கு அந்தச் சோதனை வேண்டாம். இனி எண்ணெய் மாறினால் கணக்கையும் புதிதாகப் போடுங்கள். கப், கரண்டியெல்லாம் விட்டுவிட்டு கிராம் காட்டும் தராசில் நிறுங்கள்.

குப்பைமேனி சோப்பில் ‘எக்ஸிமா குணமாகும்’ என்று லேபிள் ஒட்டுவதையும் நிறுத்துங்கள். வெடித்த தோலில் எந்தச் சோப்பும் எரிச்சலைத்தான் கூட்டும், அதை நம்பி ஒரு தாய் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுவாள். நம் மலேசியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். விற்பதற்கு முன் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என்.பி.ஆர்.ஏ.விடம் (மருந்து, அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) அறிவிக்க வேண்டும், நோய் தீரும் என்று போடக் கூடாது. பரிசாகக் கொடுப்பதோடு நிற்காமல் பாசார் மாலாமில் தொடர்ந்து விற்பதாக இருந்தால் அதை முறைப்படி செய்துவிடுங்கள்.

கடைசியாக மகள். சோப்பு வேலையை விடச் சொல்லி எந்தக் கண் டாக்டரும் சொல்லப்போவதில்லை. கண் ஆறும்வரை காஸ்டிக் பக்கம் போகாதீர்கள் என்பார், கண்ணாடி போடச் சொல்வார். நீங்கள் பயந்து மறைத்த நாட்கள்தான் கண்ணுக்கு நஷ்டம். எப்படியும் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்: கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் கலங்கித் தெரியும், மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஜெலுத்தோங் திரும்ப முடியாது. அவளையே கூட்டிப் போகச் சொல்லுங்கள். அடுத்து எப்போது வர வேண்டும் என்று அவர்கள் குறித்துக் கொடுக்கும் தேதியையும் அவளிடமே கொடுத்து வையுங்கள். பார்வை தெளிந்துவிட்டது என்று தோன்றினாலும் அந்தத் தேதிக்குப் போக வேண்டும், அழுத்தம் பிறகும் ஏறக்கூடும்.