மகள் ஹியூமன் ஃபேக்டர்ஸ் சைக்காலஜி படிக்க ஆசைப்படுகிறாள், அனுப்பலாமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு) எழுதுகிறாள். யூனிவர்சிட்டியில் ஹியூமன் ஃபேக்டர்ஸ் சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அது என்ன, இங்கே எங்கே படிக்கலாம், முடித்தால் வேலை உண்டா?"

படிக்கட்டும், தயங்காதீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சைக்காலஜி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது ஓர் அறை, இரண்டு நாற்காலி, மனக்கஷ்டத்தைச் சொல்லி அழும் ஒருவர். இந்தப் படிப்பில் அந்த அறை கிடையாது. இதில் வருகிறவர்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர், நைட் ஷிஃப்டில் மருந்து ஏற்றும் நர்ஸ், விமானி, ரயில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். கண் எதைப் பார்க்கும், எதைத் தவறவிடும், கை எவ்வளவு தூரம் எட்டும், மனம் ஒரே நேரத்தில் எத்தனை விஷயத்தைத் தாங்கும், களைத்தால் எது முதலில் குறையும் என்று அளந்து பார்த்து, அதற்கேற்பக் கருவியையும் வேலையையும் மாற்றி அமைக்கிற படிப்பு இது.

நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து மக்காண்டாவில் உளவியலையும், உடலுக்கும் மனத்துக்கும் ஏற்றபடி வேலையை அமைக்கும் எர்கோனாமிக்ஸையும் சேர்த்துப் படித்துவிட்டு, இப்போது டர்பனைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இந்த வேலைதான் செய்கிறேன். அதனால் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் துறை எப்படிப் பிறந்தது என்று மகளைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக பி-17 விமானத்தைப் பற்றிச் சொல்வாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையில் சக்கரம் மடங்கி வயிறு தரையில் உரசி நின்றன. விமானியின் பிழை என்று எழுதிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி உட்காரும் இடத்தையே போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் கட்டுப்பாடும் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான ஃப்ளாப்பை மடக்கும் கட்டுப்பாடும் அடுத்தடுத்து, ஒரே மாதிரி இருந்தன. சண்டை முடித்துக் களைத்துத் திரும்பியவரின் கை ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தொட்டது. சக்கரத்துக்கானதில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃப்ளாப்புக்கானதில் ஆப்பு போன்ற ஒரு துண்டையும் மாட்டினார்கள். கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் அந்தக் கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. 1947ல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இப்படிப்பட்ட 460 'விமானிப் பிழை'களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதி ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்றென்று எண்ணித் தொட்டதால் வந்தவை என்று தெரிந்தது.

நான் இந்தப் படிப்பை இவ்வளவு நேசிப்பதற்கு இதுதான் காரணம். "கவனமா இருந்திருக்கலாமே" என்று ஊர் பேச்சை முடிக்கிற இடத்தில் இது விசாரணையைத் தொடங்குகிறது.

போர் விமானம் வரை போக வேண்டியதில்லை, நம் வீட்டுச் சுவரிலேயே பாடம் தொங்குகிறது. ப்ரீபெய்ட் மின்சார மீட்டரைச் சொல்கிறேன். கரண்ட் வாங்கினால் 20 இலக்க எண் ஒன்று வருகிறது. சீட்டில் அது நான்கு நான்காகப் பிரித்து அச்சாகியிருக்கும். மனம் ஒரே மூச்சில் பிடித்துவைக்கக்கூடியது ஏழு சொச்சம்தான் என்று ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதினார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதையும் நாலு அளவுக்குக் குறைத்தன. நாலு இலக்கத்தைப் பார்த்து, அழுத்தி, மறுபடி சீட்டைப் பார்ப்பது மனித மனத்துக்கு ஒத்துப்போகிற முறை. அதுவரை நல்ல வடிவமைப்பு.

பிறகு 2024 வந்தது. மீட்டருக்குப் போகும் ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஒரு நேரக் கணக்கு ஒளிந்திருக்கிறது. அது 1993 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நிமிடம் நிமிடமாக எண்ணுவது. ஒதுக்கிய 24 பிட் இடம் 2024 நவம்பர் 24ஆம் தேதியோடு தீர்ந்துபோகும். அதனால் அதற்குள் நாட்டின் ஒவ்வொரு ப்ரீபெய்ட் மீட்டரிலும் இரண்டு தனி எண்களை, வரிசை மாறாமல், வாங்கிய எண்ணுக்கு முன்னால் அடிக்க வேண்டியிருந்தது. வாங்கியதையும் சேர்த்து மொத்தம் 60 இலக்கம். பல வீடுகள் கடைசி வாரம்வரை செய்யவில்லை. "நம்ம ஜனங்க எல்லாத்துக்கும் இப்படித்தான்" என்று கோயில் வாசலிலும் பேசினார்கள், கடையிலும் பேசினார்கள்.

என் தெருவில் ஒரு மாமிக்கு அடித்துக் கொடுக்கப் போனபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். மீட்டர் வாசல் நடையில், அவர் தலைக்கு மேலே இருந்தது. விளக்கு அதன்மேல் விழவில்லை. சீட்டு கையில், கண்ணுக்குப் பக்கம். திரை தூரம், உயரம். இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவர் திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், சீட்டைப் பார்க்கக் குனிய வேண்டும். அந்த அசைவிலேயே எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறோம் என்பது தொலைந்துவிடுகிறது. திரையில் கடைசியாக அடித்த சில இலக்கங்கள்தான் தெரிகின்றன. ஒன்று தப்பினால், எது தப்பு என்று சொல்லாமல் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. "முதல் எண்ணை ஏற்றுக்கொண்டதும் வேலை முடிந்ததென்று உள்ளே போய்விட்டேன், இன்னொன்று பாக்கி என்று மெஷின் எதுவுமே சொல்லவில்லை" என்றார் மாமி. அவர் சோம்பேறி இல்லை, அசட்டையும் இல்லை. பல வருஷம் ஒரு கடையின் கணக்கைப் பார்த்தவர்.

மாமி செய்த ஒவ்வொரு அசைவையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு என்ன வேலை, கைக்கு என்ன வேலை, நினைவுக்கு என்ன வேலை, தப்பு நடந்தால் யார் சொல்வார்கள் என்று பக்கத்தில் குறிப்பது டாஸ்க் அனாலிசிஸ். மகள் படிக்கப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம். இப்போதே அவளிடம் ஒரு காகிதம் கொடுத்து, வீட்டில் யாராவது மீட்டரில் எண் அடிக்கும்போது எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அலுக்காமல் எழுதினால், இது அவளுக்கான துறைதான்.

வகுப்பில் என்ன இருக்கும்? உளவியல் பக்கம் கவனம், நினைவு, முடிவெடுத்தல், களைப்பு. உடல் பக்கம் உடற்கூறு, உடலியங்கியல், விசை. எண்கள் பக்கம் புள்ளியியல், நிறையப் புள்ளியியல். பெயருக்கு மயங்கிச் சேர்கிற பிள்ளைகள் இடறுவது அங்கேதான். சோதனை வடிவமைப்பதும், முடிவு தற்செயலா இல்லையா என்று கணக்குப் போடுவதும் ஒவ்வொரு வருஷமும் திரும்ப வரும். கணக்கைக் கண்டால் ஓடுகிற பிள்ளையாக இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் விழிப்புநிலை பற்றியது. நார்மன் மாக்வொர்த் 1948ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெற்று வட்டத்தில் ஒரு முள் படிப்படியாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே தவறவிடுவது கூடிவிட்டது. கடலில் நீர்மூழ்கியைத் தேடி ரேடார் திரை முன்னால் உட்கார்ந்த வீரர்களுக்காகச் செய்த ஆய்வு அது. என் அம்மா டர்பனில் ஒரு துணி ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். தைத்த சட்டைகளைச் சோதிக்கிற பெண்கள் மாலை நேரத்தில் குறையைத் தவறவிட்டால் சூப்பர்வைசர் போட்ட சத்தத்தை அம்மா வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரே தையலை மணிக்கணக்காகப் பார்க்கிற கண்ணுக்கு எப்போது ஓய்வு தர வேண்டும், எப்போது வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது 1948லிருந்து தெரிந்த விஷயம். அந்த ஃபேக்டரிக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உடல் பக்கத்திலும் இதே கதை. எல்லாச் சூழலும் மிகச் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்க 23 கிலோதான் பரிந்துரைக்கத் தக்கது என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் சூத்திரம். நம் ஊரில் சிமெண்ட் மூட்டை 50 கிலோ.

இனி எங்கே படிப்பது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஒரு துறை வைத்திருப்பது மக்காண்டாவில் இருக்கும் ரோட்ஸ் பல்கலைக்கழகம்; ஊருக்குப் பழைய பெயர் கிரஹாம்ஸ்டவுன், 2018ல் மாற்றினார்கள். ஹியூமன் கைனெடிக்ஸ் அண்ட் எர்கோனாமிக்ஸ் என்பது துறையின் பெயர். அதையும் உளவியலையும் இரண்டு முதன்மைப் பாடமாக எடுத்து மூன்று வருஷம், பிறகு ஆனர்ஸ் ஒரு வருஷம், விருப்பமிருந்தால் மாஸ்டர்ஸ். பெண்பிள்ளையை ஈஸ்டர்ன் கேப் வரை அனுப்ப மனமில்லையென்றால் நம் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் உளவியலோ தொழில் உளவியலோ படித்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் திரும்பலாம். ஆனால் என்னைக் கேட்டால் மக்காண்டாதான். உளவியல் மட்டும் படித்தவருக்குத் தோளும் முதுகும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாது, ஃபேக்டரிக்குள் போனால் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு சட்ட விஷயம். இங்கே 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள மருத்துவ, சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யில் பதிவு வேண்டும். அதற்கு மாஸ்டர்ஸ், இன்டர்ன்ஷிப், தேர்வு எல்லாம் உண்டு. அங்கே தொழில் உளவியல் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்று தனிப் பிரிவு இல்லை. எர்கோனாமிஸ்டாக வேலை செய்ய அந்தப் பதிவு தேவையில்லை. எந்தப் பெயரோடு வேலை செய்ய ஆசை என்பதை அவள் இரண்டாம் வருஷத்துக்குள் முடிவு செய்துவிட்டால் நல்லது.

வேலை உண்டா? 2019 டிசம்பரில் எர்கோனாமிக்ஸ் விதிமுறைகள் சட்டமாக வந்தன. அதன்படி முதலாளி தன் இடத்தில் எர்கோனாமிக்ஸ் அபாயங்களைத் தகுதியுள்ள ஒருவரை வைத்து மதிப்பிட வேண்டும், அதற்குப் பிறகு அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். இயந்திரத்தை வடிவமைப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும்கூட அதில் கடமை உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பிறகு என்னைப் போன்றவர்களுக்கு வேலை வரத் தொடங்கியது. சுரங்கம், கார் தொழிற்சாலை, துறைமுகம், சர்க்கரை ஆலை, மருத்துவமனை, கோபெர்க் அணுமின் நிலையம் போன்ற இடங்கள், கணினித் திரை வடிவமைக்கும் நிறுவனங்கள் என்று வாய்ப்பு பரவலாக இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்' என்று தேடினால் அதிகம் கிடைக்காது. பாதுகாப்பு, தொழில் ஆரோக்கியம், யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பெயர்களுக்குள் தேட வேண்டும். டாக்டருக்குப் படித்தால் கிடைக்கும் நிச்சயம் இதில் கிடையாது, அதை மறைக்க மாட்டேன்.

வேலையில் கஷ்டமான பகுதி மனிதர்கள்தான். கையில் காகிதத்தோடு போய் நின்றால், வேகத்தை அளந்து ஆளைக் குறைக்க வந்திருக்கிறாள் என்று தொழிலாளர்கள் நினைப்பார்கள். பலருக்கு அப்படி நடந்தும் இருக்கிறது, அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. நிர்வாகமோ 'கவனமாக இருங்கள்' என்று ஒரு போஸ்டர் ஒட்டினால் போதும் என்று நினைக்கும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச வேண்டும். அதற்காகவே சொல்கிறேன், மகள் ஸூலு மக்களின் மொழியான இசிஸூலுவை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். பள்ளியில் மார்க்குக்குப் படித்தது போதாது. டர்பனில் மெஷினுக்குப் பின்னால் நிற்கிறவர் தன் முதுகுவலியையும், மேனுவலில் இல்லாத தன் குறுக்குவழியையும் தன் மொழியில்தான் முழுதாகச் சொல்வார். அந்தக் குறுக்குவழிகளில்தான் வடிவமைப்பின் குறை அப்படியே தெரியும்.

ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் மெட்ரிக்கில் எடுத்திருப்பது மேத்தமேட்டிக்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா? சயின்ஸ் டிகிரி வழியாகச் சேர்வதா, ஹியுமானிட்டீஸ் வழியாகச் சேர்வதா என்பதே அதைப் பொறுத்துத்தான். பதிலைக் கீழே எழுதுங்கள், முதல் வருஷத்துக்கு எந்தப் பாடங்களைச் சேர்த்து எடுக்கலாம் என்று சொல்கிறேன்.