ஸ்கேனர் வாங்குமுன் நெகட்டிவ் டின்னைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அப்பா எடுத்த நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. பழைய கறுப்பு வெள்ளையும் உண்டு, 90களில் எடுத்த கலரும் உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த ஸ்கேனர் வாங்கலாம்? வீட்டில் இருக்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டரே போதாதா?

பதில்: போதாது. அது காகிதத்தின்மேல் ஒளியடித்து, திரும்பி வருவதைப் படிக்கும். நெகட்டிவுக்கு ஒளி ஊடுருவி வர வேண்டும். ஆகவே மூடியிலும் விளக்கு உள்ள ஃபிளாட்பெட் (கண்ணாடித் தட்டு) ஸ்கேனர், அல்லது ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் வேண்டும்.

இரண்டில் எது என்பதை உங்கள் டின்தான் சொல்லும். ஒரு துண்டை ஓரத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுங்கள். இரண்டு ஓரமும் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது 35 மி.மீ. ஃபிலிம். துளையே இல்லாமல் சுமார் 6 செ.மீ. அகலம் இருந்தால் 120 ஃபிலிம்; அந்தக் காலத்து அக்ஃபா க்ளிக் 3 கேமராவில் போட்டது இதைத்தான். எல்லாமே 35 மி.மீ. என்றால் யோசிக்காமல் ஃபிலிமுக்கென்றே செய்த பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200i பக்கம் போகலாம். கூர்மை நன்றாக வரும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமைப் பிடிக்கும் சட்டத்தை (ஹோல்டர்) கையால் தள்ள வேண்டும், 120 ஃபிலிம் அதற்குள் நுழையவே நுழையாது. கலந்து கிடந்தால் எப்சன் வி600 போன்ற ஃபிளாட்பெட்தான் சரி. கூர்மை கொஞ்சம் குறையும். 120 நெகட்டிவ் பெரியது என்பதால் அங்கே அந்தக் குறை தெரியாது.

பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி படிக்கும் என்பது) நம்பி வாங்காதீர்கள். 6400 என்று எழுதிய ஃபிளாட்பெட் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இருக்காது. நானும் ஆரம்பத்தில் ஆசைப்பட்டு 6400 வைத்தேன். 35 மி.மீ. படம் ஒன்று 48 பிட் டிஃப் (TIFF) படக் கோப்பாக 300 எம்பியைத் தாண்டியது. 36 படம் உள்ள ஒரே ரோல் 11 ஜிபிக்கு மேல்! இப்போது 2400தான் வைக்கிறேன். 3400 பிக்சல் அகலம் கிடைக்கும், 11 அங்குலப் பிரிண்டுக்குத் தாராளம்.

அப்புறம் தூசி. அகச்சிவப்புக் கதிரால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து மறைக்கும் வசதி மேலே சொன்ன பிளஸ்டெக், எப்சன் இரண்டிலுமே உண்டு. கலர் நெகட்டிவில் அது பெரிய வரப்பிரசாதம், ஏனென்றால் சாயங்கள் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை. கறுப்பு வெள்ளையில் மறக்காமல் அணைத்து விடுங்கள். அங்கே படமாக இருப்பதே வெள்ளித் துகள். கதிரை அது மறிக்க, மென்பொருள் அதைத் தூசி என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். பாட்டியின் பட்டுச்சேலைக் கரை மெழுகினாற்போல் ஆகிவிடும். அவற்றுக்கு ரப்பர் பல்பு ஊதுகுழலால் தூசியை ஊதிவிட்டு ஸ்கேன் செய்வதே வழி. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மங்கலாக இருக்கும் பக்கத்தில்தான் படமே இருக்கிறது.

டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதைவதன் அடையாளம். அதிலிருந்து வரும் ஆவி பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும். வாடை அடிக்கும் துண்டுகளைத் தனிக் காகித உறைக்கு மாற்றி, முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள்.