பாலைவனத்தில் பங்குனிப் பனி: கேட்டவற்றுக்கு என் பதில்கள்

சவூதியின் வடமேற்கிலுள்ள தபூக்கில் வேலை செய்யும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய வெள்ளை மலை வீடியோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். புவியியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து: சேர், தம்பி அங்கே டிரைவர். பாலைவனத்தில் பனி, அதுவும் பங்குனியில்! கணினியில் செய்த வீடியோவா?

மலை என்றால் நம்பலாம். தபூக் பக்கத்து ஜபல் அல் லவ்ஸ் மலை 2,500 மீற்றருக்கு மேல் உயரம், குளிர்காலத்தில் அங்கே பனி விழுவது பெரிய புதினமில்லை. பாலைவனம் என்றால் சூடு என்று நினைக்கிறோம், உண்மையில் மழை இல்லாத இடம் என்பதுதான் கணக்கு. வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் கீழே என்பார்கள், மட்டக்களப்பில் 1,600ஐத் தாண்டும். அதனால் அங்கே பனிக்குக் குறைவது பெரும்பாலும் குளிரல்ல, ஈரம். வடக்கேயிருந்து மேல்வானக் குளிர்காற்று தெற்கே இறங்கி, மேலே ஓடும் பெரிய காற்றோட்டத்திலிருந்து அறுந்து, ஓரிரண்டு நாள் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து மத்தியதரைக் கடலிலோ செங்கடலிலோ இருந்து ஈரம் வந்து சேர்ந்தால் சரி, உயரமான இடத்தில் வெள்ளைதான். ஆனால் பட்டணத்து ரோட்டில் வெள்ளையாகக் கிடந்தால் தம்பியிடம் அதில் கொஞ்சத்தைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையாய்க் கெட்டியாய் இருந்தால் அது ஆலங்கட்டி.

களுவாஞ்சிகுடி: மாரி முடிந்த பிறகு ஏன் வருகிறது?

பங்குனி, சித்திரையில் வெயில் நிலத்தைச் சூடாக்கிவிடும், ஆனால் மேல்வானத்தில் குளிர் இன்னும் விட்டுப்போயிருக்காது. கீழே சூடு, மேலே குளிர் என்றால் காற்று வேகமாக மேலெழும்பி இடியும் ஆலங்கட்டியும் கொட்டும், மலையில் அதுவே பனியாக விழும். விழுந்தாலும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும், வெயில் அவ்வளவு உச்சி.

அக்கரைப்பற்று: போனில் 3 பாகை காட்டியதாம், பூச்சியத்துக்கு மேலே எப்படிப் பனி?

நல்ல கேள்வி. காற்று வறண்டிருந்தால் விழுகிற பனியில் ஒரு பங்கு ஆவியாகும், ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் 3 பாகையிலும் பனி கரையாமல் நிலத்துக்கு வரும். ஈரக்காற்று நிறைந்த நம்ம பக்கத்தில் இந்த உதவி கிடைக்காது.

கல்முனை: நம்ம இலங்கையின் பிதுருதலாகலை மலையும் 2,500 மீற்றர்தானே, அங்கே ஏன் விழவில்லை?

தபூக் 28 பாகை வடக்கு, நாம் 7. நம்ம வானத்தில் பூச்சியப் பாகை கிட்டத்தட்ட 5,000 மீற்றர் உயரத்தில்தான் வரும். நுவரெலியாவில் தை, மாசியில் புல்லில் வெள்ளையாய்ப் படிவது உறைபனி, அது மேலேயிருந்து விழுவதில்லை.

ஏறாவூர்: காக்கா, இது உலக முடிவின் அடையாளம் என்கிறார்களே?

அதை ஆலிம்களிடம் கேளுங்கள். வானிலைக் கணக்கில் இது முன்பும் நடந்ததுதான். சகாரா ஓரத்து அல்ஜீரிய ஊர் ஐன் செஃப்ராவில் 2016 டிசம்பரிலும் 2018 ஜனவரியிலும் மணல்மேடு வெளுத்தது. அதுவும் ஆயிரம் மீற்றர் உயரத்து ஊர், செய்தியில் அதைச் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவின் பாலைவன ஊரான டூசானில் 2019 பெப்ரவரி 22இல் கள்ளிச்செடி மேல் பனி. பூமி சூடாகிறது என்பது பல வருடச் சராசரியைப் பார்த்துச் சொல்வது, ஒரு நாள் பனி அதைப் பொய்யாக்காது, மெய்யாக்கவும் செய்யாது.

வாகரை: நமக்கும் அப்படிக் குளிர் வருமா?

பனி வராது. ஆனால் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரிலும் மழையிலும் வடக்கு கிழக்கில் எத்தனை மாடு, ஆடு செத்தன என்று மாட்டுக்காரரைக் கேளுங்கள். நனைந்த உடம்பில் காற்று பட்டால் பூச்சியத்துக்கு மேலேயே உயிர் போகும். பட்டியில் ஒரு பக்கமாவது காற்று மறைப்பு வையுங்கள்.

திரும்பவும் காத்தான்குடி: தம்பி லீவு நாளில் பார்க்கப் போகப்போகிறானாம்.

போகட்டும், ஆனால் வாகனத்தை வாதிக்குள், அதாவது அந்தக் காய்ந்த ஆற்றுப்படுக்கைக்குள் நிறுத்த வேண்டாம். மேலே மழையும் கரைந்த பனியும் சேர்ந்தால், இவன் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் வெள்ளம் வந்துவிடும். ஜாக்கெட் இல்லாமல் செருப்போடு ஏறவும் வேண்டாம்.