போனில் அழித்த முகவரி மெயிலில் ஏன் மறுபடி வருகிறது?

போனில் ஒருவருடைய கான்டாக்டை அழித்த பிறகும், மெயில் எழுதும்போது அவருடைய முகவரி வந்து நிற்கிறதே, போனில் உள்ள பட்டியலும் மெயிலில் உள்ள பட்டியலும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இல்லை. இது தெரியாமல் நான் ஒருமுறை பெரிய தவறு செய்திருக்கிறேன்.

தோழி வேலை மாறியதும் அவளுடைய பழைய அலுவலக முகவரியைப் போனில் அழித்துவிட்டேன். பல மாதம் கழித்து அவளுடைய மருத்துவ அறிக்கையை அனுப்ப வேண்டியிருந்தது. பெயரில் மூன்று எழுத்து தட்டியதும் வந்த முகவரியைத் தொட்டு அனுப்பினேன். அறிக்கை பழைய அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதை அவளிடம் சொன்னபோது எனக்குக் குரலே எழும்பவில்லை.

பெறுநர் கட்டத்தில் வரும் பெயர்கள் எல்லாம் நாம் சேமித்தவை அல்ல. எப்போதோ ஒரு மெயில் அனுப்பியிருந்தாலும் போதும், அந்த முகவரியை மெயிலே எடுத்து வைத்துக்கொள்ளும். ஜிமெயிலில் அது ‘அதர் கான்டாக்ட்ஸ்’ என்ற பட்டியலில் சேரும். தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் ‘கலெக்டட் அட்ரஸஸ்’. அவுட்லுக்கில் பரிந்துரையாக வரும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் பரிந்துரைதான் போகும், சேமித்த கான்டாக்ட் அப்படியே இருக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: போனில் சேமித்த ஆள் மெயிலில் வரவே மாட்டார். சிம்மிலோ போனுக்குள்ளேயோ சேமித்தால் அது அங்கேயே தங்கிவிடும். புதிய கான்டாக்ட் சேர்க்கும்போது எந்தக் கணக்கில் சேமிக்கிறது என்று மேலே காட்டும். மெயில் கணக்கைத் தேர்ந்தெடுத்தால்தான், ஒத்திசைவும் (சிங்க்) இயங்கினால்தான், இரண்டு இடத்திலும் ஒரே விவரம் இருக்கும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஜிமெயில் என்றால் கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து ‘அதர் கான்டாக்ட்ஸ்’ பட்டியலில் அந்த முகவரியைத் தேடி அழியுங்கள். அப்புறம் ஜிமெயில் அமைப்புகளில், பொதுப் பகுதியில், புதியவர்களைத் தானாகச் சேர்க்கும் வசதி இருக்கும். அதை ‘நானே சேர்த்துக்கொள்கிறேன்’ என்று மாற்றுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் நான் மாற்றிவிட்டேன்.

நிறைய அழிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் எல்லாவற்றையும் விகார்டு (கான்டாக்ட் விவரங்களை வைக்கும் கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். பெரும்பாலான மெயில் செயலிகளும் போன்களும் அதைத் திறக்கும். கூகுளில் தவறுதலாக அழித்த கான்டாக்ட் 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.