அறையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே ஒரு பாத்திரமும்தான் இருக்கிறது. காய்கறி போட்ட பாஸ்தாவைக் குழையாமல் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். தனியாக வேகவைத்து வடித்துச் செய்வதைவிட எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், ஏனென்றால் வடிக்கிற தண்ணீரோடு மாவுச்சத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது, அது பாத்திரத்திலேயே தங்கினால் எண்ணெயையும் தக்காளியையும் சேர்த்துப் பிடித்து, தனியாக சாஸ் எதுவும் வேண்டாத அளவுக்குக் கெட்டியாக வரும். பாஸ்தாவை வடிக்காமல் செய்வது தப்பு என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். இத்தாலியில் பாரி நகரத்துக்கே பேர்போன ஸ்பகெட்டி அல்லாசாசினாவில் வேகாத ஸ்பகெட்டியை நேராக வாணலியில் போட்டு, தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றித்தான் வேகவைக்கிறார்கள்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். மைதா பாஸ்தா விலை குறைவுதான், ஆனால் இந்த முறைக்கு ஒத்துவராது, சீக்கிரம் குழைந்துவிடும்.

மற்றதெல்லாம் தண்ணீர்க் கணக்குதான். இரண்டு பேருக்கு பென்னே என்கிற குழாய் வடிவ பாஸ்தா 200 கிராம், 550 மில்லி தண்ணீர், நன்றாகப் பழுத்த தக்காளி 3. நீங்கள் ஒருவர்தான் என்றால் பாதிக்குப் பாதி 275 மில்லி என்று வைக்காதீர்கள், பற்றாது. ஆவியாகிப் போகிற தண்ணீர் பாத்திரத்தின் அகலத்தையும் சூட்டையும் பொறுத்தது, பாஸ்தா குறைந்ததால் அது குறையாது, அதனால் 100 கிராமுக்கு 350 மில்லி வரை வையுங்கள்.

இரண்டு ஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய பூண்டு 5 பல், ஒரு வெங்காயம், அப்புறம் பொடியாக நறுக்கிய கேரட்டும் பீன்ஸும். இவை இரண்டையும் தக்காளிக்கு முன்னாலேயே போட்டு நாலைந்து நிமிடம் வதக்கிவிட வேண்டும், தக்காளியின் புளிப்பு இறங்கிவிட்டால் காய் லேசில் வேகாது. பிறகு தக்காளி, மிளகாய்த்தூள் அரை ஸ்பூன், உப்பு. உப்பில் கவனம் வேண்டும்: வடிக்கிற முறையில் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விடும், இங்கே போட்டது அத்தனையும் தட்டுக்கு வரும். இரண்டு பேருக்கு முக்கால் ஸ்பூனில் ஆரம்பியுங்கள், சீஸ் போடுவதாக இருந்தால் அரை ஸ்பூனே போதும்.

தக்காளி கரைந்ததும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு பாஸ்தாவைப் போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது, அப்போதுதான் மேல்மாவு இளகி ஒன்றோடொன்று ஒட்டும், அடியிலும் பிடிக்கும். கிளறிக்கொண்டே இருங்கள். அப்புறம் சூட்டைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வையுங்கள், முழுக்க மூடினால் நுரைத்துப் பொங்கி இண்டக்‌ஷன் மேலேயே வழியும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு 4 நிமிடம் முன்னால் குடைமிளகாயும் பட்டாணியும், கடைசி நிமிடத்தில் ஒரு கைப்பிடி பசலைக்கீரை. எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் குடைமிளகாய் தோல் தோலாகக் கழன்று கிடக்கும், கீரை கறுத்துவிடும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு பென்னேயை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். சுவரின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு லேசாகத் தெரியும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், இருக்கிற சூட்டிலேயே அது மறைந்துவிடும். அந்த நேரத்தில் அடியில் கொஞ்சம் குழம்பு மாதிரி நீர் நிற்க வேண்டும், மூன்று நிமிடத்தில் பாஸ்தா அதையும் இழுத்துக்கொள்ளும். முன்கூட்டியே வற்றிப்போனால் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றலாம், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

சீஸ் போட வேண்டுமானால் அணைத்த பிறகுதான், ஒரு க்யூப் துருவினால் போதும். மிளகை அப்போதே இடித்துப் போடுங்கள். ஆரிகானோ பாக்கெட் இல்லையே என்று யோசிக்காதீர்கள், திருநீற்றுப்பச்சிலை கிடைத்தால் நாலு இலை கிள்ளிப் போடுங்கள், இத்தாலியர்கள் பாஸ்தாவில் போடுகிற பேசில் இலையும் அதுவும் ஒரே இனம்தான், நம்முடையதில் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கரம் மசாலா மட்டும் வேண்டாம், பூண்டும் தக்காளியும் சேர்ந்து வருகிற மணத்தை அது அமுக்கிவிடும்.