சொந்தக் காசில் புத்தகம் போட்டால் தொழில்முறை எழுத்தாளர் ஆக முடியாதா?

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். இரண்டு நாவல்களைச் சொந்தச் செலவில் சிவகாசியில் அச்சடித்து வெளியிட்டேன். விண்ணப்பங்களில் தொழில் என்ற இடத்தில் ‘எழுத்தாளர்’ என்று போடலாமா? பதிப்பகம் வெளியிட்டால்தான் போடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அச்சுக்கூலி யார் கொடுத்தார் என்பது முக்கியமே இல்லை. புத்தகம் வந்த பிறகு யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அது தொடர்ந்து நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியீட்டு விழாவில் போன பிரதிகளை முதலில் கழித்துவிடுங்கள். நம் மதுரைப் பக்கம் அது மொய் மாதிரி. மாமாவும் மச்சானும் 200 ரூபாய் புத்தகத்துக்கு 500 ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுப்பது உங்கள் மேல் உள்ள பாசத்தில். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் முன்பின் தெரியாத ஒருவர் நின்று, நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்கிப் போகிறாரே, அந்தப் பிரதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

அப்புறம் வரவு செலவு. 500 பிரதி அச்சடிக்க, ஒன்றுக்கு 80 ரூபாய் வீதம் 40,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். விலை 200. கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு 130. 300 பிரதி விற்றால் 60,000 ரூபாய்க்கு விற்றதாகத் தோன்றும், வந்தது 39,000தான். அதாவது இன்னும் ஆயிரம் ரூபாய் நட்டம். மீதிப் பிரதிகள் போகும்போதுதான் லாபம் என்ற பேச்சே வரும். இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பவரைத்தான் நான் தொழில்முறை ஆள் என்பேன்.

அமெரிக்காவின் அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்தாளர் சங்கம் 2015 முதல் சொந்தமாக வெளியிடுவோரையும் சேர்த்துக்கொள்கிறது. பார்ப்பது எழுத்தில் ஈட்டிய வருமானத்தை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் டாலர் தொகை நமக்கு ஒத்துவராது, அணுகுமுறை சரியானது.

புத்தகத்தின் பின்னட்டையில் போடும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பெரிய தகுதியாகச் சிலர் சொல்வார்கள். மத்திய அரசு முகமை இலவசமாகவே தருகிற அடையாள எண் அது, அவ்வளவுதான்.

வருமான வரியில் ஒரு விஷயம் கவனியுங்கள். நூலாசிரியரின் ராயல்டிக்கு, அதாவது பதிப்பகம் விற்பனையில் அவருக்குத் தரும் பங்குக்கு, பழைய வரி முறையில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. நீங்களே அச்சிட்டு நீங்களே விற்றால் வருவது ராயல்டி அல்ல, வியாபார வருமானம். ஆடிட்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

சரி, விண்ணப்பத்தில் என்ன போடுவது? அங்கே கேட்பது குடும்பம் எந்த வருமானத்தில் நடக்கிறது என்று. உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறதென்றால் இப்போதைக்கு அதையே எழுதுங்கள். விசிட்டிங் கார்டில் ‘எழுத்தாளர்’ என்று தாராளமாகப் போடலாம். இரண்டு நாவல் எழுதியவருக்கு அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இன்னொன்று: சட்டப்படி உங்கள் நூலுக்கு நீங்கள்தான் பதிப்பாளர். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.